அந்தத் தாய் எண்ணிக்கொண்டிருந்தார்

உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா, அதுவும் குடும்பப் பெண்கள் வாசிக்கும் பக்கத்திலா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் எழுத வந்தது பந்தைப் பற்றியல்ல, தீர்ப்பைப் பற்றி. ஒரு காழி ஒரு மாதத்தில் சொல்லும் தீர்ப்புகளைவிட, மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய் ஒரே நாளில் சொல்லும் தீர்ப்புகள் அதிகம். யார் முதலில் அடித்தது, யார் பொய் சொல்கிறது, யாருக்கு எத்தனை நாள் விளையாட்டு இல்லை என்று காலையிலிருந்து இரவு வரை நீங்கள் தீர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஆகவே, ஒரு தீர்ப்பில் நான் விட்ட பிழையைச் சொல்வதற்கு உங்களைவிடத் தகுந்த சபை எனக்குக் கிடைக்காது.

டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலானோர் லயத்துப் பிள்ளைகள். என்னை ‘மௌலவி சேர்’ என்பார்கள். பாடசாலைக்குக் கீழே ஒரு மைதானம் இருக்கிறது. மலைநாட்டில் சமதரை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதுவும் முழுச் சமதரை அல்ல. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஓடை. பந்து ஒரு பக்கம் போனால் தேயிலைச் செடிக்குள் தேட வேண்டும். மறுபக்கம் போனால் ஓடையோடு ஓட வேண்டும். பின்னேரமானால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து மூடுபனி ஏறி வரும்.

தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்பார்கள். கோயில் திருவிழாவிலும் போட்டி, சங்கத் தேர்தலிலும் போட்டி, தைப்பொங்கலுக்கு உதைபந்தாட்டத்திலும் போட்டி. வெளியில் பார்ப்பவருக்கு அது ஒரு சின்ன விளையாட்டு. லயத்தில் பிறந்தவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் வருடம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்கு முந்திய வாரம் இரண்டு பக்கத்துத் தலைவர்மாரும் என்னிடம் வந்தார்கள். “நீங்கதான் விசில் ஊதணும் சேர். நீங்க ரெண்டு கணக்குலயும் சேராதவரு” என்றார்கள். அரபுக் கல்லூரியில் ஓதிய ஏழு வருடமும் அஸருக்குப் பின் மஃரிப் வரை நாங்கள் விளையாடியது இந்த ஆட்டத்தைத்தான். சட்டமும் ஓரளவு தெரியும். பெருமையோடு ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கத்திலும் சேராதவன் என்றால் தானாகவே நீதவானாகி விடுவான் என்று அன்று நினைத்தேன்.

மேற்கணக்கின் விங்கர், அதாவது கோட்டோரம் ஓடிப் பந்தை முன்னால் கொண்டு போகிற பையன், என் வகுப்பு மாணவன். ஒல்லியான உடம்பு, இரவல் சப்பாத்து. ஆனால் ஓடத் தொடங்கினால் காற்று. அவனைத் தடுக்கக் கீழ்க்கணக்கு நிறுத்தியிருந்த பின்கள வீரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு பொங்கலுக்கு வந்திருந்த இளைஞன். நல்ல உயரம், மூட்டை தூக்கிய தோள்.

முதல் பந்திலேயே தெரிந்துவிட்டது, ஆட்டம் இந்த இருவருக்கும் இடையில்தான் என்று. பையன் பந்தோடு வந்தான். இளைஞன் பந்தையும் தட்டினான், அவன் கணுக்காலையும் தட்டினான். பையன் விழுந்தான், எழுந்தான். நான் கையை முன்னே நீட்டி, ‘ஆடுங்கள்’ என்றேன். இரண்டாம் முறை சட்டையைப் பிடித்து இழுத்தான். பந்து மேற்கணக்கின் இன்னொரு பையனிடம் போனதால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மூன்றாம் முறை, “மெதுவா தம்பி” என்று மட்டும் சொன்னேன். நான்காவதும் ஐந்தாவதும் தேயிலைச் சரிவின் ஓரத்தில், மூடுபனிக்குள் நடந்தன. என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரியாததற்கு விசில் ஊதக் கூடாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பின் ஆறாவது முறை கீழே விழுந்த பையன் எழுந்தான், திரும்பினான், அந்த இளைஞனின் நெஞ்சில் முஷ்டியால் குத்தினான். அது மைதானத்தின் நடுவில், மூடுபனி விலகிய வெளிச்சத்தில், இருநூறு பேர் பார்க்க நடந்தது.

நான் சிவப்பு அட்டையைக் காட்டினேன். இளைஞனுக்கு ஒன்றுமில்லை.

பையன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டுக்கு வெளியே போய், இரவல் சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு மேற்கணக்குப் படியேறிப் போனான். இரண்டு பக்கத்து இளைஞர்களும் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ஒருவன் கையில் தடி இருந்தது. கோயில் தலைவரும் இரண்டு கங்காணிமாரும் குறுக்கே விழுந்து தடுத்திருக்காவிட்டால் அன்று பொங்கல் வேறுவிதமாக முடிந்திருக்கும். கீழ்க்கணக்கு ஒரு கோலால் வென்றது.

வாசலில் நின்றவர்

அன்று மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பையனின் தாய் நின்றார். பொங்கல் சேலை, தோளில் குளிருக்கு ஒரு துவாய். என் மனைவி உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, சட்டத்தை விளக்கத் தயாரானேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. “புள்ள கை ஓங்கினது தப்புதான் சேர். அதுக்கு நான் ஏசிட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஆனா நான் எண்ணிக்கிட்டே இருந்தேன் சேர். அஞ்சு தடவ விழுந்தான். ஆறாவதுக்குத்தான் கை ஓங்கினான். நீங்க எண்ணலீங்களா?”

நான் வாய் திறக்கவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கிற பெண். அவருக்கு எண்ணத் தெரியும். விசில் என் கையில் இருந்தது. கணக்கு அவர் கையில் இருந்தது.

அவர் போன பின் என் மனைவி தேநீரை வைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க ஊட்டிலயும் இப்படித்தானே. மூத்தவன் மேசைக்குக் கீழால நுள்ளுவான். சின்னவள் கத்துவாள். நீங்க கத்தினவளுக்குத்தானே ஏசுற.”

கல்கத்தாவின் பதினாறு பேர்

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வட இந்தியாவில் ஓதிவிட்டு வந்த எங்கள் உஸ்தாத் ஒருவர், விளையாட்டில் நாங்கள் அடிபிடிப்படும்போதெல்லாம் சொல்லும் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பிறகு தேடியும் படித்தேன்.

1996 உலகக் கிண்ண அரையிறுதியில் ரசிகர்கள் போத்தல் எறிந்து கலகம் செய்ய, இலங்கை வென்றதாக அறிவிக்கப்பட்டதே, அந்தக் கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மைதானத்தில் 1980 ஆகஸ்ட் 16ஆம் திகதி மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் உதைபந்தாடின. மோகன் பகான் 1889இல் தொடங்கிய கழகம். ஈஸ்ட் பெங்கால் 1920இல் தொடங்கியது. நாட்டுப் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசல் விட்டு வந்தவர்களுக்கு அது ஒரு கழகம் மட்டுமல்ல, இழந்த ஊரின் பெயர். இந்தப் போட்டி அங்கே அடுப்படி வரை போயிருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அந்த வீடுகளில் இலிஷ் மீன் சமைப்பார்கள். மோகன் பகான் வென்றால் மற்ற வீடுகளில் பெரிய இறால். நம் மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் போலத்தான். அளவு மட்டும் ஆயிரம் மடங்கு.

அன்றைய ஆட்டத்திலும் கதை இரண்டு பேருக்கு இடையில்தான் நடந்தது. மோகன் பகானின் விங்கர் பிதேஷ் போஸ். அவரைத் தடுக்க நின்றவர் ஈஸ்ட் பெங்காலின் பின்கள வீரர் திலீப் பாலித். பாலித் தொடக்கத்திலிருந்தே கடுமையாக மோதினார். பிதேஷ் விழுந்தார், எழுந்தார். இரண்டாம் பாதியில் ஒரு மோதலில் பொறுமை இழந்து பிதேஷ் திருப்பித் தாக்கினார். நடுவர் சுதின் சட்டர்ஜி இருவரையும் வெளியேற்றினார்.

இரு பக்கத்து ஆதரவாளர்களும் கலந்து அமர்ந்திருந்த கலரியில் சண்டை மூண்டது. கல் பறந்தது. ஓட இடமில்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 16இலும் கல்கத்தாவில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அவர்கள் பெயரால் இரத்த தானம் செய்கிறார்கள்.

அந்த இரு வீரர்களையும் கொலைகாரர்களாக்குவது அநியாயம். கலரியில் கல்லெறிந்தவர் வேறு; நெரிசலுக்கு வழி திறக்காத ஏற்பாடு வேறு. ஆனால் ஒன்றை யோசித்தேன். மைதானத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் கலரியில் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். விசில் எண்ணாவிட்டாலும் நெஞ்சு எண்ணும். கடைசி அடி விழும்போது வெடிப்பது அந்த ஒரு அடியல்ல. சேர்த்து வைத்த மொத்தக் கணக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பின்கள வீரனின் கடமையே தடுப்பதுதான். மோதாமல் தடுக்க முடியாது. ஆகவே எல்லா மோதலும் குற்றமல்ல. சட்டம் மூன்று படிகள் வைத்திருக்கிறது. கவனயீனமாக மோதினால் இலவச உதை, அட்டையில்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் துணிந்து மோதினால் மஞ்சள் அட்டை. மிதமிஞ்சிய பலத்தோடு மோதி அவனுக்கு ஆபத்து விளைவித்தால் சிவப்பு. ‘நான் பந்தைத்தானே தொட்டேன்’ என்பது எல்லா மைதானத்திலும் கேட்கும் வாதம். பந்தைத் தொட்ட பின்னும் காலை உடைத்தால் அது குற்றமே.

நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் நான் மறந்தேன். சிறு சிறு குற்றங்களைத் திரும்பத் திரும்பச் செய்பவனுக்கும் மஞ்சள் அட்டை உண்டு. எத்தனை தடவை என்று சட்டம் இலக்கம் குறிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருப்பது நடுவரின் பொறுப்பு. ஆட்டத்தை நிறுத்தாமல் ‘ஆடுங்கள்’ என்று கை நீட்டினாலும், பந்து நின்ற பின் குற்றவாளியை அழைத்து எச்சரிக்க வழியுண்டு. கை நீட்டுவது மன்னிப்பல்ல. நான் அதை மன்னிப்பாக்கிவிட்டேன்.

பையனுக்குக் காட்டிய சிவப்பு அட்டை சட்டப்படி சரிதான். எவ்வளவு கோபமூட்டினாலும் குத்தியவன் வெளியேற வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் பிழை ஆறாவதில் இல்லை. முதல் ஐந்தில் இருந்தது.

இந்த அட்டைகளின் கதையும் இதையே சொல்கிறது. இவற்றைக் கண்டுபிடித்த கென் ஆஸ்டன் இங்கிலாந்தின் நடுவர். தொழிலால் அவரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். 1966 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் நடந்த குழப்பத்துக்குப் பின், வீதிச் சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவருக்கு இந்த யோசனை வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு முதல் அட்டைகளைத் தாளில் வெட்டிக் கொடுத்தவர் அவருடைய மனைவி என்று சொல்லப்படுகிறது. 1970இல் மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் முதன்முதலாக வந்தன. அந்த முழுத் தொடரிலும் ஒருவருக்குக்கூடச் சிவப்பு அட்டை காட்டப்படவில்லை.

உலகக் கிண்ணத்தின் முதல் சிவப்பு அட்டை 1974இல் வந்தது. மேற்கு ஜெர்மனியின் பின்கள வீரர் பெர்ட்டி வோக்ட்ஸ், சிலி நாட்டு முன்கள வீரர் கார்லோஸ் கஸ்ஸெலியை ஒட்டி ஒட்டி மோதிக்கொண்டிருந்தார். கஸ்ஸெலி திருப்பித் தாக்கினார். துருக்கி நாட்டு நடுவர் டோகன் பபகான் கஸ்ஸெலிக்குச் சிவப்பு அட்டை காட்டினார். உலகக் கிண்ணத்தின் முதல் சிவப்பே திருப்பி அடித்தவனுக்குத்தான் போயிருக்கிறது. அதை வாசித்தபோது என் மாணவன் கழற்றி வைத்த சப்பாத்து என் கண்முன் வந்தது.

சுத்தமான தடுப்பு

பின்கள வீரர் என்றாலே காலை வாருபவர் என்று எண்ணிவிடக் கூடாது. என் மூத்த மகன் தொலைபேசியில் ஒரு ஆட்டத்தைக் காட்டினான். 2020 மார்ச் 8ஆம் திகதி மென்செஸ்டர் நகரத்தின் இரு கழகங்களுக்கிடையே நடந்த ஆட்டம். சிட்டி அணியின் ராகீம் ஸ்டேர்லிங் கோட்டோரம் பந்தோடு வருகிறார். யுனைட்டட் அணியின் ஆரன் வான்-பிஸ்ஸாகா அவரை விட்டு ஓரடி தள்ளி, பொறுமையாகப் பின்வாங்குகிறார். அவர் கண் எதிராளியின் தோளில் இல்லை, பந்தில். பந்து காலைவிட்டு ஓர் அங்குலம் விலகும் அந்த நொடியில் நீண்ட காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுக்கிறார். யுனைட்டட் இரண்டுக்குப் பூச்சியம் என வென்றது.

இந்தப் பின்கள வீரர் சிறுவயதில் விங்கராக விளையாடியவர். பின்னர்தான் பின்னால் மாற்றப்பட்டார். பந்தோடு ஓடுகிறவனின் மனம் எந்த நொடியில் எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். தடுப்பவனாக இருந்தாலும் தீர்ப்பவனாக இருந்தாலும், மற்றவனின் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தவனின் கால் தவறாது.

அந்த இளைஞன் சொன்னது

பொங்கல் விடுமுறை முடிந்து கொழும்புக்குப் போகுமுன் அந்தக் கீழ்க்கணக்கு இளைஞனை ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டேன். தேநீர் வாங்கிக் கொடுத்து, “ஏன் தம்பி அப்படி மோதினாய்?” என்று கேட்டேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். “மொதல் தடவயே நீங்க ஊதியிருந்தா நான் காலை எடுத்திருப்பேன் சேர். நீங்க ஊதல. சரி, இவ்வளவுக்கு விடுவாங்க போலன்னு நெனச்சேன்” என்றான்.

எனக்கு அதுவரை புரியாதிருந்தது அப்போது புரிந்தது. பையனுக்கு அநியாயம் செய்தேன் என்றே நினைத்திருந்தேன். இந்த இளைஞனுக்கும் செய்திருக்கிறேன். அவனை நிறுத்தும் உரிமை எனக்கிருந்தது. அந்த உதவியை அவனுக்கு நான் செய்யவில்லை. நான் இரக்கம் என்று நினைத்த ஐந்து மௌனங்கள் இரண்டு பேரையும் கெடுத்தன.

கோபத்தோடு தீர்ப்புச் சொல்லாதே, இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்று காழிக்குரிய ஒழுக்கங்களை ஓதியவன் நான். மைதானத்தில் கேட்பதற்கு அவகாசமில்லை என்று எண்ணியிருந்தேன். அங்கே எண்ணுவதுதான் கேட்பது. முதல் அடியிலிருந்து எண்ணியவனே இரு தரப்பையும் கேட்டவன்.

மறுநாள் மேற்கணக்கு லயத்துக்குப் போனேன். பையன் திண்ணையில் இருந்தான். கணுக்காலில் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்கள். “நீ குத்தியது பிழை; அதற்குச் சிவப்பு அட்டை சரி. ஆனால் அதற்கு முன் ஐந்து தடவை நான் விசில் ஊதியிருக்க வேண்டும். அது என் பிழை. மன்னித்துக்கொள்” என்றேன். “பரவாயில்ல சேர்” என்றான். தலை நிமிரவில்லை. அவன் மன்னித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் தாய் தேநீர் கொண்டுவந்து தந்தார். அன்று சீனி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அடுத்த பொங்கலுக்கும் என்னையே ஊதச் சொன்னார்கள். பையன் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்; லீவு கிடைக்கவில்லையாம். அவன் தாய் மட்டும் தேயிலைச் சரிவில் வந்து உட்கார்ந்திருந்தார். முதல் தவறுக்கே விசில் ஊதினேன். இரண்டாவதுக்கு ஆட்டத்தை நிறுத்தி, அந்த வீரனை அருகில் அழைத்து எச்சரித்தேன். மூன்றாவதுக்கு மஞ்சள் அட்டை. “இதுக்கெல்லாமா சேர்?” என்று இரண்டு பக்கமும் கூச்சலிட்டது. அதன் பின் கூச்சலும் குறைந்தது, மோதலும் குறைந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஒருவரும் தடி எடுக்கவில்லை.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் விசில் உங்கள் கையில்தான் இருக்கிறது. சத்தம் கேட்டு ஓடி வரும்போது நீங்கள் காண்பது கடைசி அடியை. திருப்பி அடித்த பிள்ளைக்கு மட்டும் ஏசிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினால், சத்தமில்லாமல் நுள்ளிய பிள்ளை ஒரு பாடம் படித்துக்கொள்ளும். அடி வாங்கிய பிள்ளை இன்னொரு பாடம் படித்துக்கொள்ளும். இரண்டும் நல்ல பாடமல்ல. பிள்ளைகளிடத்தில் மட்டுமல்ல. மாமி ஒன்று சொல்ல மருமகள் பத்து நாள் பொறுத்து, பதினோராவது நாள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். ஊர் முழுக்க அந்தப் பதினோராவது வார்த்தையைத்தான் பேசும். திருப்பிச் சொன்னது சரியென்று நான் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்ல உட்காருபவர் பத்து நாட்களையும் எண்ணிவிட்டுச் சொல்லட்டும் என்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது மேசைக்குக் கீழும் பார்ப்பதுண்டு. போன வாரம் மூத்தவன் கை நீட்டியதும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கையை எடுத்துக்கொண்டான். சின்னவள் கத்தவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பரிமாறினாள்.